கேட்டு நடப்பதும் கேட்பதும்

மும்பையில் மழை ஓய்ந்து தீபாவளி விடுமுறையும் முடிந்துவிட்டால் பள்ளிகளில் பிக்னிக் காலம் தொடங்கிவிடும். கல்வித்துறைக் காகிதங்களில் மராத்தியில் 'சைக்ஷணிக் சஹல்' என்று இருக்கும். நடத்துகிறவர்கள் 'நேச்சர் கேம்ப்' என்பார்கள். ஆண்டாப் ஹில்லின் தமிழ் வீடுகளில் எல்லாவற்றுக்கும் பிக்னிக் என்ற ஒரே பெயர்தான். ராணி பாகில் விலங்குகளைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்பினாலும் பிக்னிக், கர்நாலாவுக்கோ கர்ஜத்துக்கோ போய் மலையடிவாரத்தில் ஒரு ராத்திரி தங்கினாலும் பிக்னிக். பெயரில் வித்தியாசம் இல்லாததால் ஆயத்தத்திலும் வித்தியாசம் இருப்பதில்லை. சர்க்குலர் வரும், அப்பா கையெழுத்துப் போடுவார், பணம் கட்டியாகும். டார்ச், துண்டு, ஸ்வெட்டர், தண்ணீர் பாட்டில், இரண்டு செட் துணி என்று ஒரு பட்டியல் இருக்கும். ஒரு சாயங்காலம் கடைக்குப் போய் அவற்றையும் வாங்கியாகும். விடிகாலையில் பஸ் கிளம்பும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்மா கடைசியாக ஒன்று சொல்வாள்: "டீச்சர் சொல்றதைக் கேட்டு நடந்துக்க." பட்டியலில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அந்தக் கடைசி வாக்கியத்தோடுதான் தகராறு.

தமிழில் 'கேள்' என்பது விசித்திரமான சொல். காதில் விழுவதும் கேட்பதுதான், சந்தேகம் எழுப்புவதும் கேட்பதுதான், வேண்டியதைச் சொல்லி வாங்குவதும் கேட்பதுதான். பெரியவர் பேச்சுக்குக் கட்டுப்படுவதும் அதே சொல்லுக்குள் அடக்கம். பிள்ளை வளர்ப்பு என்று வந்தால் இந்த நாலில் முதலும் கடைசியும் மட்டும் நமக்கு ஞாபகம் இருக்கிறது. நடுவில் உள்ள இரண்டையும், அதாவது வினவுவதையும் வேண்டுவதையும், பழக்காமலே ஒரு பிள்ளையை வீட்டை விட்டு ஒரு ராத்திரி அனுப்புகிறோம். அங்கே அதற்குத் தேவைப்படுவது பெரும்பாலும் அந்த இரண்டும்தான் என்பது என் கட்சி.

வீட்டுக்குள் இருக்கும்வரை இதனால் பெரிய நஷ்டம் தெரியாது. கோகரி ஆகாரின் ஓர் அறை வீடானாலும் சிஜிஎஸ் காலனியின் குவார்ட்டர்ஸ் ஆனாலும், நாலைந்து பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு வாழ்கிற இடத்தில் தேவையை யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளை இரண்டாவது தோசையைப் பாதியில் வைத்தால் வயிறு சரியில்லை என்று அம்மாவுக்குத் தெரிந்துவிடும். ராத்திரி புரண்டு படுத்தால் பக்கத்தில் படுத்திருக்கும் பாட்டி நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். கேட்காமலே தெரிந்துகொள்வதுதான் தாயன்பு என்று நாமும் சொல்லிச் சொல்லி வைத்திருக்கிறோம். அது பொய்யில்லை. ஆனால் அப்படி வளர்கிற பிள்ளைக்குத் தன் உடம்பின் சேதியை வார்த்தையாக்கும் சந்தர்ப்பமே வாய்ப்பதில்லை. முகாமிலோ முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள அங்கே யாரும் இல்லை. நாற்பது பிள்ளைகள், இரண்டு மூன்று ஆசிரியர்கள், அன்றைக்குத்தான் முதல்முறை பார்க்கிற பயிற்சியாளர் ஒருவர். கேட்டால் ஒழிய யாருக்கும் தெரியப்போவதில்லை.

மொழியிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது, தமிழும் அதில் ஒன்று. அதில் படிக்கிற பிள்ளையும் சரி, இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கிற பிள்ளையும் சரி, தெருவில் இந்தியில் பொரிந்து தள்ளும். ஆகவே மொழி ஒரு பிரச்சினையே இல்லை என்று பெற்றோர் நினைக்கிறார்கள். அந்த இந்தி கிரிக்கெட்டுக்கும் சண்டைக்கும் கடைக்குமான இந்தி. உடம்புக்கான சொற்கள் அதற்குத் தமிழில்தான் தெரியும். ஒண்ணுக்கு வருகிறது, வயிற்றைப் புரட்டுகிறது, செருப்புக் கடிக்கிறது, தீட்டு வந்துவிட்டது என்பதையெல்லாம் அது அம்மாவிடம் மட்டுமே, தாழ்ந்த குரலில், தமிழில் சொல்லிப் பழகியது. மராத்தி பேசுகிற ஒரு பயிற்சியாளர் முன்னால் நின்று இதில் எதையும் சொல்ல அதன் நாக்கு எழாது. ராத்திரி படுக்கையை நனைக்கும் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு வயதில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு இது உண்டு. பத்து வயதிலும் சிலரிடம் நீடிக்கும். நாற்பது பேர் போகிற பஸ்ஸில் இப்படி இரண்டு பேராவது உட்கார்ந்திருப்பார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த இருவரும் முந்தின நாளிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்து, ராத்திரி முழுக்க விழித்திருந்து, மறுநாள் மலையேற்றத்தில் தலைசுற்றி உட்கார்வார்கள். ஆசிரியையிடம் ஒரே ஒரு வாக்கியம் முன்கூட்டியே போயிருந்தால் போதும். பதினோரு மணிக்கு அவர் ஒருமுறை எழுப்பிவிடுவார். அந்த வாக்கியத்தைச் சொல்லும் பொறுப்பு அம்மாவுடையதா பிள்ளையுடையதா என்று கேட்டால், பத்து வயதுக்குமேல் இருவருடையதும் என்பேன்.

இந்தப் பிள்ளைகளிடம் ஒன்றுமே இல்லை என்று சொல்ல வரவில்லை. முகாம்களின் பட்டியல்களும் அறிவுரைகளும் பெரும்பாலும் தனி அறையும் கட்டிலும் உள்ள பிள்ளையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. தரையில் படுக்க வேண்டியிருக்கும், வரிசையாகப் படுக்க வேண்டியிருக்கும், கழிவறைக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும், வாளியில் தண்ணீர் பிடித்துக் குளிக்க வேண்டியிருக்கும் என்று அவை எச்சரிக்கும். ஆண்டாப் ஹில் பிள்ளைக்கு இது தினப்படி வாழ்க்கை. இந்த விஷயத்தில் அது, பாத்ரூம் ஒட்டிய படுக்கையறையில் வளர்ந்த பிள்ளையைவிடப் பல படி முன்னால் நிற்கிறது. அது அறியாதவை இரண்டு: இருட்டும் நிசப்தமும். வடாலா லாரி டெர்மினலுக்கு விடிய விடிய வண்டி போகிற, பக்கத்து வீட்டு டிவி சுவர் வழியே கேட்கிற, தெருவிளக்கு ஜன்னலில் காய்கிற இடம் இது. மின்தடை என்பதும் இந்த நகரத்துக்குப் புதுமை. 2020 அக்டோபர் 12ஆம் தேதி சில மணி நேரம் மும்பை இருண்டது, அது நாடு முழுக்கத் தலைப்புச் செய்தியானது. மணிக்கணக்கில் மின்வெட்டை அனுபவித்த தமிழ்நாட்டுச் சித்தப்பா பிள்ளைகள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். எது பழக்கம் எது புதுசு என்று வீட்டுக்கு வீடு மாறும் என்பதால்தான் அச்சடித்த பட்டியலை நம்பி ஆயத்தம் செய்ய முடியாது என்கிறேன். தன் பிள்ளைக்கு எது புதுசு என்பதைப் பெற்றவர்கள்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

ஒரு ராத்திரிதானே, இதற்கு இவ்வளவு யோசனையா, தண்ணீரில் தள்ளிவிட்டால் தானாக நீந்தக் கற்றுக்கொள்ளும் என்று சொல்கிறவர்கள் உண்டு. வெளிப்புறக் கல்வி மையங்களின் வரலாறே இதற்கு எதிர்ச்சாட்சி. 1941இல், போர் நடுவில், வேல்ஸ் நாட்டின் அபர்டோவி கடற்கரையில் குர்ட் ஹான் என்ற ஆசிரியரும் லாரன்ஸ் ஹோல்ட் என்ற கப்பல் கம்பெனி முதலாளியும் சேர்ந்து அவுட்வர்ட் பவுண்ட் பள்ளியைத் தொடங்கினார்கள். குண்டடிபட்டு மூழ்கும் கப்பல்களிலிருந்து உயிர்ப்படகில் தப்புகிறவர்களில், வயதான மாலுமிகள் தாக்குப்பிடிக்கிறார்கள், இளைஞர்கள் செத்துப்போகிறார்கள் என்று ஹோல்ட் கவலைப்பட்டார். அவர்கள் இளைஞர்களை நேரே நடுக்கடலில் தள்ளவில்லை. ஏறக்குறைய நாலு வாரம், படிப்படியாகப் பழக்கினார்கள். அந்த மரபின் கிளை 1967இல் சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவில் தொடங்கியது. இன்று அங்கே உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள், தமிழ்ப் பிள்ளைகளும் சேர்த்துத்தான், ஐந்து நாள் தங்குகிறார்கள். நாலு வாரமோ ஐந்து நாளோ இருந்தால் பயிற்சி முகாமுக்குள்ளேயே நடந்துவிடும். முதல்நாள் அழுகிற பிள்ளைக்கு மூன்றாம் நாள் என்று ஒன்று இருக்கிறது. நம்முடையது ஒரே ராத்திரி. பிள்ளை அழுது முடிக்கும்போது பஸ் திரும்பிக்கொண்டிருக்கும். பயணம் குறுகக் குறுக, பழக்கம் வீட்டிலேயே நடந்தாக வேண்டிய தேவை கூடுகிறது.

இந்தக் கணக்கு நமக்குத் தெரியாததும் அல்ல. பிக்னிக் சர்க்குலர் வருகிற அதே கார்த்திகை மாதத்தில், அதே சந்துகளில், கறுப்பு வேட்டியும் துளசி மாலையுமாகச் சின்னப் பையன்கள் வெறுங்காலோடு நடப்பதைப் பார்க்கலாம். சபரிமலையில் கழிவது ஓரிரு நாள். அதற்கு விரதம் 41 நாள். விடியுமுன் பச்சைத் தண்ணீரில் குளியல், தரையில் படுக்கை, செருப்பில்லாத நடை, கடைசியில் தன் இருமுடியைத் தானே சுமப்பது என்று, காட்டுக்குள் உடம்புக்கு என்னென்ன நேருமோ அத்தனையும் வீட்டிலேயே ஒத்திகை பார்க்கப்படுகிறது. (இப்போதெல்லாம் ஒரு வாரத்தில் மாலையைப் போட்டு வண்டி ஏறுகிறவர்களும் உண்டு, அவர்களை விடுங்கள்.) என்னை அதில் ஈர்ப்பது இன்னொன்று. மாலை போட்ட கணத்திலிருந்து பெற்ற அப்பனே அந்தப் பையனை 'சாமி' என்று கூப்பிடுகிறார். பதில் மரியாதையாக வரும் என்ற நிச்சயம் இருப்பதால், கால் வலிக்கிறது சாமி, தாகமாக இருக்கிறது சாமி என்று அந்தக் கன்னிசாமி குருசாமியிடம் கூசாமல் சொல்கிறான். உடம்பைப் பழக்குவதோடு, கேட்பதற்கான தகுதியையும் அந்த ஏற்பாடு ஒரு குழந்தைக்குக் கொடுத்துவிடுகிறது. ஒரு குறை, பெரிய குறை: பத்து வயதான பெண்பிள்ளைக்கு இந்த வாசல் வழக்கத்தில் மூடப்பட்டிருக்கிறது. 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகும் வீடுகளின் நடைமுறை மாறிவிடவில்லை. பள்ளி முகாம் அழைப்பு வருவதும் கிட்டத்தட்ட அந்த வயதில்தான். பையனுக்காவது ஓர் ஒத்திகை கிடைத்திருக்கிறது. அவளுக்கு முகாம்தான் முதல் காடு.

'வீட்டு ஞாபகம்' பற்றிப் பெற்றோர் செய்கிற ஒரு தவறையும் இங்கே பேச வேண்டும், ஏனென்றால் அது பாசத்தால் நேர்கிற தவறு. "பிடிக்கலேன்னா போன் பண்ணு, அப்பா வந்து கூட்டிட்டு வந்துடறேன்" என்று வாக்குக் கொடுத்து அனுப்புகிறோம். இருப்பிட முகாம்களில் தங்கும் பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த உளவியலாளர் கிறிஸ்டோபர் தர்பர், அமெரிக்கக் குழந்தைநல மருத்துவ அகாதெமிக்காக எட்வர்ட் வால்டனோடு சேர்ந்து 2007இல் எழுதிய அறிக்கை இந்த வாக்குறுதியைக் குறிப்பாகத் தவிர்க்கச் சொல்கிறது. உன்னால் இருக்க முடியாது என்று நாங்கள் முன்கூட்டியே நினைக்கிறோம் என்பதைத்தான் பிள்ளை அதிலிருந்து புரிந்துகொள்கிறது. அதற்குப் பதில் அவர்கள் சொல்வது எளிய காரியங்கள்: போவதா வேண்டாமா என்ற முடிவில் பிள்ளையைச் சேர்த்துக்கொள்வது, அதற்குமுன் ஓரிரு நாள் உறவினர் வீட்டில் தங்கிப் பழகவிடுவது, ஞாபகம் வருவது இயல்பு, வந்தால் என்ன செய்யலாம் என்று பேசிவைப்பது. செம்பூரிலோ தாராவியிலோ இருக்கிற அத்தை வீட்டுக்குப் பிள்ளையை அனுப்பி, அன்று ராத்திரி போன் செய்யாமல் இருப்பது இதில் பாதியை முடித்துவிடும். போன் செய்யாமல் இருப்பது பிள்ளையைவிட அம்மாவுக்குக் கஷ்டம் என்பது வேறு விஷயம்.

இங்கே என் வாதத்தை நானே வெட்டிக்கொள்வதாகத் தோன்றலாம். கேட்கப் பழக்கு என்கிறாய், அழைத்துப் போகும்படி கேட்டால் மட்டும் வரமாட்டேன் என்கிறாயே என்று. ஏக்கம் வேறு, ஆபத்து வேறு; அந்த வித்தியாசத்தைப் பிள்ளைக்குச் சொல்லித்தருவதுதான் ஆயத்தத்தின் கடினமான பகுதி. அம்மா ஞாபகம் வந்து தொண்டை அடைத்தால் அது விடிவதற்குள் தணியும், தோழியிடம் பேசு, டீச்சர் பக்கத்தில் போய் உட்கார். யாராவது தொடக்கூடாத விதத்தில் தொட்டால், அடித்தால், யாரிடமும் சொல்லாதே என்று மிரட்டினால் அது எந்த நேரமானாலும், யார் வாயை மூடச் சொன்னாலும், சொல்லியே ஆக வேண்டியது. இரண்டுக்கும் ஒரே பதில் சொல்லி அனுப்பினால், பிள்ளை முதலாவதற்குப் போன் செய்யும், இரண்டாவதை விழுங்கிவிடும்.

கட்டுப்பாடு இல்லாமல் காட்டுக்கும் கடலுக்கும் பிள்ளைகளைக் கூட்டிப் போக முடியுமா என்ற ஆட்சேபம் எல்லாவற்றிலும் வலுவானது. 2016 பிப்ரவரி 1ஆம் தேதி முருட் கடற்கரைக்குச் சுற்றுலா போன புனே கல்லூரி மாணவர்கள் 14 பேர் கடலில் மூழ்கி இறந்தார்கள். தண்ணீர் ஓரத்தில் ஆசிரியர் 'திரும்பு' என்றால் அந்த நொடியில் திரும்ப வேண்டும், அங்கே விவாதம் செய்ய முடியாது. முழுக்க ஒப்புக்கொள்கிறேன். சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவை ஒட்டி நடக்கும்போது வரிசையை விட்டு விலகாதே என்பதும் அப்படித்தான். அங்கே சிறுத்தை உண்மையாகவே இருக்கிறது. ஆனால் அடக்கம் மட்டுமே பாதுகாப்பு என்ற நம்பிக்கைக்கு 2024 பதில் சொல்லிவிட்டது. அந்த ஜனவரி 18இல் வதோதராவின் ஹர்னி ஏரியில் பள்ளிச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 12 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள். கொள்ளளவுக்கு மேல் ஏற்றப்பட்ட படகு. பலருக்கு லைஃப் ஜாக்கெட் இல்லை. அந்தப் பிள்ளைகள் ஏறச் சொன்னதைக் கேட்டு ஏறியவர்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில், என்சிசி பெயரைச் சொல்லி நடந்த போலி முகாமில், மாணவிகள் இரவில் பள்ளியிலேயே தங்கவைக்கப்பட்டார்கள். ஒரு சிறுமி பாலியல் வன்முறைக்கு ஆளானாள். அவள் சொன்னதைப் பள்ளியில் மூடி மறைத்தார்கள் என்று பள்ளித் தரப்பினரும் கைதானார்கள். அந்த முகாமுக்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லை என்று என்சிசி தெரிவித்தது. இறந்த பிள்ளைகள் மேலோ அந்தச் சிறுமி மேலோ ஒரு துரும்பளவு பொறுப்பையும் வைக்க நான் தயாரில்லை. படகையும் முகாமையும் கேட்டிருக்க வேண்டியவர்கள் பெரியவர்கள்.

ஆகவே கேட்கிற பழக்கம் கையெழுத்துப் போடுகிற மேசையில் தொடங்க வேண்டும். நம் வீடுகளில் அது கூச்சத்தில் நின்றுவிடுகிறது. சர்க்குலர் இங்கிலீஷிலோ மராத்தியிலோ இருக்கும். படித்தவர்கள் நடத்துகிறார்கள், அவர்களுக்குத் தெரியாதா என்று கையெழுத்து விழுந்துவிடும். நாலைந்து கேள்வி போதும். முகாமை நடத்துவது யார், பள்ளி அந்த இடத்தை நேரில் போய்ப் பார்த்ததா? பெண்பிள்ளைகள் படுக்கிற கூடத்தில் எந்த ஆசிரியை படுப்பார்? தண்ணீரில் இறக்குவீர்களா, இறக்கினால் தலைக்கு ஒரு ஜாக்கெட் உண்டா? பக்கத்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்? இன்ஹேலரை யார் கையில் கொடுப்பது? ஒழுங்காக நடத்துகிறவர்களுக்கு இந்தக் கேள்விகள் தொல்லையே இல்லை, பதில் ஏற்கெனவே தயாராக இருக்கும். எரிச்சல் வந்தால் அதுவும் ஒரு பதில்தான். அப்பாவோ அம்மாவோ தலைமையாசிரியர் அறையில் நின்று, மரியாதை குறையாமல், அரைகுறை இந்தியிலாவது இதைக் கேட்பதைப் பக்கத்தில் நிற்கும் பிள்ளை பார்க்க வேண்டும். கேட்டால் தலை போய்விடாது என்பதை அது அங்கேதான் கற்றுக்கொள்ளும்.

இவ்வளவு தொந்தரவு எதற்கு, அனுப்பாமல் இருந்துவிட்டால் போயிற்று என்பது கடைசியில் வருகிற யோசனை. வயசுக்கு வந்த பெண் இருக்கிற வீட்டில் இது யோசனையாக வராது, முடிவாகவே வரும். அதன் பின்னால் உள்ள பயத்தை நான் லேசாக எண்ணவில்லை. ஆனால் பன்னிரண்டு வயதில் நாற்பது பேரோடும் ஆசிரியையோடும் ஒரு ராத்திரி போகாதவள், பதினெட்டில் ஹாஸ்டலுக்கோ வேலைக்கோ தன்னந்தனியே போகப்போகிறாள். ஆபத்து குறையவில்லை, தள்ளிப்போடப்பட்டிருக்கிறது, ஒத்திகையும் போயிற்று. மாதவிலக்கு அந்த இரண்டு நாளில் வந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்குப் பையின் ஓரத்தில் ஒரு பொட்டலமும், யாரிடம் எந்த வார்த்தையில் சொல்வது என்ற பேச்சும் போதும். போகவிடாமல் தடுப்பதற்கு அது காரணம் ஆகாது. ஷிப்ட் வேலை பார்க்கிற பெற்றோருக்கு ஒத்திகைக்கெல்லாம் நேரம் ஏது என்றால், நான் சொல்கிற ஒத்திகைக்குத் தனியாக நேரமோ செலவோ அதிகம் வேண்டாம். தாராவியை ஒட்டி, மித்தி ஆற்றங்கரையில், குப்பைமேடாகக் கிடந்த 37 ஏக்கரில் வளர்ந்த மகாராஷ்டிரா நேச்சர் பார்க் கூப்பிடு தூரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே கூட்டிப்போய், கழிவறை எங்கே என்று காவலாளியிடம் கேட்டு வரும்படி பிள்ளையையே அனுப்பலாம். வீட்டில் ஒரு ராத்திரி எல்லா விளக்கையும் அணைத்து, டார்ச்சோடு எழுந்து போய்த் தண்ணீர் குடித்து வரச் சொல்லலாம். மருந்துக் கடையில் தன் தலைவலிக்குத் தானே மாத்திரை கேட்கட்டும், அப்பா இரண்டடி தள்ளி நிற்கட்டும்.

விலை இல்லாமல் இது நடக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கேட்கப் பழகிய பிள்ளை முகாமில் மட்டும் கேட்டுவிட்டு ஊர் திரும்பியதும் நிறுத்திக்கொள்ளாது. கன்னத்தைக் கிள்ளுகிற மாமாவிடம் வேண்டாம் என்று சொல்லும், சபையில் நமக்குச் சங்கடமாக இருக்கும். நாம் போடுகிற சட்டத்துக்குக் காரணம் கேட்கும். எதிர்த்துப் பேசுகிறது என்று பாட்டி சொல்வாள், அதில் பாதி உண்மையும் இருக்கும். கர்நாலாக் காட்டின் இருட்டில் ஒரு ராத்திரி தூங்கிவிட்டு வந்த பத்து வயதுப் பெண், அந்த ஓர் அறையில் பதினொன்றரை மணிக்குப் போர்வையை விலக்கி, "டிவியைக் கொஞ்சம் நிறுத்துங்கப்பா, வெளிச்சம் கண்ணுல அடிக்குது" என்பாள். மேட்சில் கடைசி ஓவர் நடந்துகொண்டிருக்கும்.